டெக்கில் ஹேமக், மாலை வெயில்: நிழலுக்கு என்ன வழி?

வெயில்வாசி:
வணக்கம். வீட்டின் பின்பக்கம் மரத்தள டெக் இருக்கிறது. அகலம் 3.5 மீட்டர், நீளம் 5 மீட்டர். கிழக்கே வீட்டுச் சுவர், மேற்கே இடுப்பளவு கைப்பிடி, அதற்கு அப்பால் திறந்தவெளி. ஹேமக் (தூளி மாதிரித் தொங்கும் படுக்கை) இரும்பு ஸ்டாண்டில் வடக்கு தெற்காகத் தொங்குகிறது, மேற்கு விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே. மதியம் வரை வீட்டு நிழல் காப்பாற்றிவிடும். அதற்கு மேல் நெருப்புதான். எனக்குப் படுக்க நேரம் கிடைப்பதோ 3 மணியிலிருந்து 5.30 வரை.

பக்கத்தில் பெரிய குடை ஒன்று வைத்துப் பார்த்தேன். அதன் நிழல் சுவரோரம் கிடக்கும் செருப்புகளின் மேல் விழுகிறது. செருப்புகள் சுகமாக இருக்கின்றன.

தலைக்கு மேலே 4 × 3 மீட்டரில் ஒரு ஷேட் செயில் (மூலைகளில் இழுத்துக் கட்டும் நிழல் துணி) கட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். தண்ணீர் புகாத துணி நல்லதா, வலைத்துணி நல்லதா?

சும்மா_ஒருவன்:
ஆறு மணிக்குப் படுங்கள். செலவே இல்லை.

கோணமானி:
துணி எது என்பதை அப்புறம் பார்க்கலாம். 3 மணிக்கும் 5.30க்கும் சூரியன் உங்கள் தலைக்கு மேலே இல்லை. பிறகு தலைக்கு மேலே எதற்குத் துணி?

கணக்கு எளிது. ஷேட் செயில் 2.7 மீட்டர் உயரம், நீங்கள் படுப்பது தரையிலிருந்து 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 2.2 மீட்டர். சூரியன் அடிவானத்திலிருந்து 60 பாகை (டிகிரி) உயரத்தில் இருந்தால் நிழல் 1.3 மீட்டர் கிழக்கே தள்ளி விழும். 45 பாகையில் 2.2 மீட்டர். 30 பாகையில் 3.8 மீட்டர், அதாவது உங்கள் டெக்கின் அகலத்தைவிட அதிகம். குடைக்கு நடந்ததும் இதுதான். குடையின் மேல் குற்றம் இல்லை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மணிக்கு 15 பாகை வீதம் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். அங்கே 45 பாகை என்றால் சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப்போகச் சூரியன் சாய்வாக இறங்கும், தாழ்ந்த வெயில் இன்னும் அதிக நேரம் நிற்கும். பெரும்பாலான ஊர்களில் நீங்கள் படுக்கும் நேரத்தில் பெரும்பகுதி 45 பாகைக்குக் கீழேதான் வரும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கூரை இல்லை, திரை. ஹேமக்கிலிருந்து 1.5 மீட்டர் மேற்கே, கைப்பிடி ஓரத்தில், 2 மீட்டர் உயரத் திரை ஒன்று நின்றால் போதும். 45 பாகையும் அதற்குக் கீழும் வரும் வெயில் முழுவதையும் அது ஒன்றே தடுத்துவிடும்.

வெயில்வாசி:
அட, இதை யோசிக்கவே இல்லை. ஆனால் மேற்குப் பக்கம்தான் பார்க்க அழகாக இருக்கும். மரங்கள், சரிவு, தூரத்தில் கொஞ்சம் தண்ணீர். அதை அடைத்துவிட்டால் டெக் எதற்கு, உள்ளே போய்க் கட்டிலில் படுத்துவிடலாமே?

தூங்குமூஞ்சி:
கைப்பிடியிலிருந்து மேல்வரை முழுதாக அடைக்க வேண்டியதில்லை. கோணமானி கணக்கையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சூரியன் 20 பாகையில் இருக்கும்போது உங்கள் முகத்துக்கு வரும் கதிர், திரை இருக்கும் இடத்தை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. 45 பாகையில் 2 மீட்டரில். அப்படியானால் 1 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடையில் உள்ள பட்டைதான் வேலை செய்கிறது. கீழே திறந்தே இருக்கட்டும். படுத்திருப்பவர் கண் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே மரமும் தண்ணீரும் தெரியும். 20 பாகைக்குக் கீழே வந்த பிறகு வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். சுருட்டி இறக்கும் திரையாக இருந்தால் கயிற்றை இழுப்பதோடு வேலை முடிந்தது.

நிறம் முக்கியம். அடர் நிற வலை வாங்குங்கள். கறுப்பு, அடர் பழுப்பு, கரும்பச்சை. வெள்ளை வலை வெயில் பட்டதும் தானே பளபளவென்று ஒளிர்ந்து அப்பால் இருப்பதை மறைத்துவிடும். அடர் வலை ஒளிராது, அதனால் கண் அதை ஊடுருவி வெளியே பார்க்கும். வெயிலில் 70, 80 சதவீதத்தை மறைக்கும் வலை போட்டாலும் மர உருவங்கள் நன்றாகவே தெரியும்.

சும்மா_ஒருவன்:
கறுப்பு சூட்டை இழுக்குமே?

தூங்குமூஞ்சி:
இழுக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி, நிமிர்ந்து நிற்கும் வலை சூடானால் காற்று அதை ஊடுருவிக் குளிர்விக்கும், உங்களுக்கு உறைக்காது. மூக்குக்கு மேலே அரை மீட்டரில் கறுப்புத் துணி கட்டினால்தான் தோசைக்கல்லுக்கு அடியில் படுத்தமாதிரி இருக்கும்.

மரத்தச்சன்:
கோணமானி சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. திரை மட்டும் போட்டால் 3 மணி வெயிலுக்கு என்ன பதில்? கோடை மாதங்களில் அப்போது சூரியன் 45 பாகைக்கு மேலேயே நிற்கும் ஊர்கள் ஏராளம். அப்புறம் தரை. மதியத்திலிருந்து காய்ந்த பலகை மாலை முழுவதும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஹேமக்கில் முதுகுக்குக் கீழே மெத்தை கிடையாது, வலையும் காற்றும்தான். மேலே நிழல் இருந்தும் கீழிருந்து வேகும். தரைக்கு நிழல் 12 மணியிலிருந்தே வேண்டும்.

என் யோசனை: ஷேட் செயிலைத் தட்டையாகக் கட்டாதீர்கள், மேற்கே சாய்த்துக் கட்டுங்கள். சுவர்ப் பக்கம் 2.8 மீட்டர், மேற்கு விளிம்பு 2 மீட்டர். அதே மேற்கு விளிம்பிலிருந்து சுருள்திரை தொங்கட்டும். 45 பாகைக்கு மேலே வரும் வெயிலைச் செயில் பார்த்துக்கொள்ளும், கீழே வருவதைத் திரை பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் சந்து இருக்காது.

மேற்கு விளிம்பின் இரண்டு மூலைகளில் ஒன்றைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் துணி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய துணி காற்றில் அடித்துக்கொள்ளாது. நான்கு மூலையும் ஒரே மட்டத்தில் கட்டிய துணி நடுவில் தொப்பை போட்டு, ராத்திரி முழுவதும் படபட என்று அடிக்கும்.

துணி வலைதான், சந்தேகமே வேண்டாம். தண்ணீர் புகாத துணியில் காற்றும் புகாது. சூடான காற்று அடியிலேயே தங்கும், மழை பெய்தால் மேலே குளம் கட்டும், காற்றடித்தால் கப்பல் பாய்தான். பின்னல் வகை பாலிஎத்திலீன் வலையாகப் பாருங்கள். வெட்டினால் நூல் பிரியாது. நெசவு வகை ஓரத்திலிருந்து உரிந்துகொண்டே போகும்.

கோணமானி:
மரத்தச்சன் அண்ணே, 45 பாகைக்கு மேலே என்ன செய்வது என்று நான் சொல்லவில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு நியூட்டனில், 0.613 பெருக்கல் வேகத்தின் வர்க்கம் (வேகம் விநாடிக்கு மீட்டரில்). மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று விநாடிக்கு 20 மீட்டர். அப்போது சதுர மீட்டருக்கு 245 நியூட்டன், ஏறத்தாழ 25 கிலோ எடை. 12 சதுர மீட்டர் துணியின் மேல் அது 300 கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. வலையில் ஓட்டை இருப்பதால் கொஞ்சம் குறையும், அதை நம்பிக் கொக்கியைச் சிறிதாக்க வேண்டாம். துணி இழுபட்டிருப்பதால் மூலைகளில் விழும் இழுவை இந்தக் கணக்கைத் தாண்டவும் செய்யும்.

வெயில்வாசி:
கேட்கவே பயமாக இருக்கிறது. சரி, மேற்குப் பக்கம் எப்படியும் இரண்டு தூண் நட வேண்டும். வடக்கு மூலையில் ஒன்று, தெற்கு மூலையில் ஒன்று. ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு அந்தத் தூண்களிலேயே ஹேமக்கையும் கட்டிவிட்டால் இடம் மிச்சமாகுமே?

மரத்தச்சன்:
வேண்டாம் தம்பி. ஹேமக் உங்களைக் கீழே இழுக்கிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். அது தூணைப் பக்கவாட்டில்தான் இழுக்கும், அதுவும் பலமாக. 80 கிலோ ஆள், கயிறு 30 பாகை சாய்வில் தொங்கினால் ஒவ்வொரு பக்கமும் 80 கிலோ இழுவை. விறைப்பாக, 15 பாகையில் கட்டினால் அதே ஆளுக்கு ஒரு பக்கம் 154 கிலோ. 10 பாகையில் 230. உட்காரும்போது தொப்பென்று விழுந்தால் இதற்கும் மேலே.

செயிலும் தூணை உள்பக்கமே இழுக்கும், ஹேமக்கும் உள்பக்கமே இழுக்கும். டெக் பலகை மேல் அடித்தட்டு வைத்துத் திருகிய தூண் இதற்கெல்லாம் நிற்காது. பலகை வெறும் மூடி. தூண் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே போய், அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களோடு போல்ட் போட்டுப் பிணைய வேண்டும். அதைவிட நல்லது டெக்குக்கு வெளியே தரையில் கான்கிரீட்டில் நடுவது. நடும்போதே வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து நடுங்கள், இழுத்துக் கட்டியதும் நேராகிவிடும். கைப்பிடிக் கம்பத்தில் எதையும் கட்டாதீர்கள். அது சாய்ந்து நிற்கும் ஆளைத் தாங்கச் செய்தது.

தூங்குமூஞ்சி:
நானும் ஸ்டாண்டை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் காரணம் வேறு. ஸ்டாண்ட் இருந்தால் திருப்பிப் போடலாம்.

இப்போது வடக்கு தெற்காகக் கிடக்கிறது, அதாவது மேற்கு வெயிலுக்கு உங்கள் உடம்பின் நீளம் முழுவதையும் காட்டிக்கொண்டு படுக்கிறீர்கள். கிழக்கு மேற்காகத் திருப்பி, தலையை மேற்கே வைத்துப் படுத்துப் பாருங்கள். வெயில் உச்சந்தலைக்குப் பின்னாலிருந்து வரும். மறைக்க வேண்டியது 1.8 மீட்டர் நீளம் இல்லை, தோள் அகலம் மட்டும்தான். துணி ஹேமக்காக இருந்தால் தலைப்பக்கம் குவிந்து எழும்பும் துணியே பாதி வேலையைச் செய்துவிடும். தலைமாட்டில் ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டுத் திரை போதும். காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் கால் மேற்கே போக வேண்டும், அப்போது இது பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காடுகளில் முகாம் போடுபவர்கள் வழக்கம் ஒன்று உண்டு. ஹேமக்குக்கு மேலே நீளவாக்கில் ஒரு கயிறு ஓடும், அதன் மேல் தார்ப்பாய் போட்டு இரண்டு பக்கமும் சாய்வாக இழுத்துக் கட்டுவார்கள். துணி உடம்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நிழல் அதிகம் நகராது. 60 சென்டிமீட்டர் மேலே இருந்தால் 30 பாகை வெயிலிலும் நிழல் 1 மீட்டர்தான் தள்ளும். வெயில் வரும் பக்கத்தை மட்டும் தாழ்த்திக் கட்டி, மற்றப் பக்கத்தைத் தூக்கி வைத்தால் காற்றும் வரும். வெளிப்பக்கம் வெளிர் நிறமோ வெள்ளி நிறமோ உள்ள துணி எடுங்கள், தோசைக்கல் கதை மேலே சொன்னேனே.

வாடகைவீடு:
இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். சுவரில் ஓட்டை போடக் கூடாது, தூண் நடக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஏதாவது வழி?

தூங்குமூஞ்சி:
இப்போது சொன்ன கயிறும் தார்ப்பாயும் உங்களுக்குத்தான். சில ஸ்டாண்டுகளிலேயே இரண்டு முனையிலும் கம்பை நிறுத்திக் கயிறு ஓட்டலாம். இல்லாவிட்டால் பக்கவாட்டில் தூண் உள்ள சாயும் குடை. அதைப் பக்கத்தில் நிறுத்தாமல் சூரியன் இருக்கும் பக்கம் நிறுத்தி, விரித்த குடையைக் கேடயம் மாதிரி வெயிலை நோக்கிச் சாய்த்து வையுங்கள். அடியில் எடை நிறைய வேண்டும், காற்று வந்தால் மடக்கிவிட வேண்டும்.

கொடிவீடு:
யாரும் செடியைப் பற்றிப் பேசவில்லையே! வலை சூடாகும், இலை சூடாகாது. இலை தண்ணீரை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். சங்குப்பூ, இரங்கூன் மல்லி, அவரை, பேஷன் ஃப்ரூட் எதுவும் வேகமாக ஏறும். பந்தல் போட்டு ஏற்றிவிடுங்கள்.

சும்மா_ஒருவன்:
கம்பளிப்பூச்சி நெஞ்சில் விழும். எறும்பு காதில் போகும். தூக்கம் நன்றாக வரும்.

கொடிவீடு:
அதனால்தான் தலைக்கு மேலே ஏற்றாதீர்கள் என்று சொல்ல வந்தேன், அதற்குள் குறுக்கே வந்துவிட்டீர்கள். மேற்குக் கைப்பிடி ஓரம் தொட்டி வரிசை, அதன் பின்னே சட்டப்பின்னல், அதில் கொடி. விழுவது கைப்பிடி ஓரமே விழும். சுருள்திரை செய்யும் அதே வேலை.

ஆனால் தொட்டியின் எடையை யோசியுங்கள். ஈரத் தோட்டமண் நிரப்பிய 50 லிட்டர் தொட்டி 60 கிலோவைத் தாண்டும். அடியில் சட்டம் ஓடும் இடம் பார்த்து வையுங்கள், பலகைக்கும் தொட்டிக்கும் இடையில் கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் தங்கிப் பலகை உளுத்துப்போகும். கோடையில் தினமும் தண்ணீர் ஊற்ற முடியாதென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். மேற்கு வெயிலில் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். காகிதப்பூ வேண்டவே வேண்டாம், ஹேமக் ஆடும்போது முள் கிழிக்கும்.

வெயில்வாசி:
தினமும் தண்ணீர் ஊற்றுவது என்னால் ஆகாத காரியம் அக்கா. ஒரு மூலையில் ஒரே ஒரு தொட்டி, சங்குப்பூ மட்டும் வைக்கிறேன்.

இரவுராட்டினம்:
ஒரு சந்தேகம். நிழலில்தான் படுத்திருக்கிறோம், இருந்தும் குழந்தைக்குத் தோல் சிவந்துபோகிறது. வலை சரியில்லையா?

கோணமானி:
வலையாகவும் இருக்கலாம், வானமாகவும் இருக்கலாம். புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை. குறைந்த அலைநீளக் கதிர்களைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும், வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். புற ஊதா அதைவிடக் குறைந்த அலைநீளம், இன்னும் அதிகமாகச் சிதறும். ஆகவே நீங்கள் படுத்த இடத்திலிருந்து எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு புற ஊதாவும் உங்களை வந்து தொடும். வெள்ளைச் சுவர், வெளிர் தரை இருந்தால் அவையும் திருப்பி அனுப்பும்.

துணியைப் பொறுத்தவரை, புற ஊதாவை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் யுபிஎஃப் எண்ணைப் பாருங்கள். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதப் புற ஊதா மட்டும் உள்ளே வரும். வலையில் எழுதியிருக்கும் 50 சதவீதம், 75 சதவீதம் என்பது நிழலின் அளவு, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழந்தைக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நிழலிலும் இருக்கட்டும்.

கொடிவீடு:
துணி வாங்கும் முன் ஒரு தடவை போர்வையைக் கட்டிப் பாருங்கள் வெயில்வாசி. நீங்கள் ஹேமக்கில் படுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் யாராவது ஒருவர் துடைப்பக் கட்டையின் நுனியைக் கைப்பிடி ஓரம் உயர்த்திப் பிடிக்கட்டும். நுனியின் நிழல் உங்கள் முகத்தில் விழும்வரை ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அந்த உயரத்தை, கைப்பிடி ஓரம் தற்காலிகமாக நிறுத்திய இரண்டு கம்புகளில் சாக்பீஸால் குறியுங்கள். 3 மணிக்கு ஒன்று, 4க்கு ஒன்று, 5.30க்கு ஒன்று. சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதே இல்லை, நிழலே சொல்லிவிடும். குறிகளுக்கு இடையில் கிளிப் போட்டுப் போர்வையைத் தொங்கவிட்டு ஒரு மாலை படுத்து எழுந்தால் கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

கோணமானி:
அருமை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: ஆண்டு முழுவதும் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. ஜூனில் வடமேற்குப் பக்கமும் டிசம்பரில் தென்மேற்குப் பக்கமும் ஒதுங்கும். நிலநடுக்கோட்டருகே அந்த விலகல் 23 பாகைக்குச் சற்று மேல், 40 பாகை அட்சரேகையில் 31 பாகை. 1.5 மீட்டர் தூரத்தில் இது ஒவ்வொரு பக்கமும் 70 முதல் 90 சென்டிமீட்டர். ஹேமக் இப்போதுபோல வடக்கு தெற்காகவே இருந்தால் திரையை உங்கள் உயரத்தோடு அந்த அளவை இரண்டு பக்கமும் கூட்டி, 3.2 முதல் 3.6 மீட்டர் அகலமாகப் போடுங்கள்.

வெயில்வாசி:
போர்வையைக் கட்டிப் பார்த்துவிட்டேன். 4 மணிக் குறி 1.7 மீட்டரில் வந்தது, 5.30 குறி கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே. 3 மணிக்குத் திரை மட்டும் போதவில்லை, நெற்றியில் வெயில் பட்டது, அதனால் மரத்தச்சன் அண்ணே சொன்ன சாய்ந்த செயிலும் வேண்டும். ஆனால் சிறியது போதும் என்று தோன்றுகிறது, 3 × 2.5.

ஹேமக் ஸ்டாண்டிலேயே இருக்கும். மேற்கே இரண்டு தூண் டெக்குக்கு வெளியே கான்கிரீட்டில். அடர் பழுப்பு வலை, சுருள்திரையும் அதே துணி. இனி மூலைக் கொக்கி விஷயம்தான் பாக்கி.

மரத்தச்சன்:
3 × 2.5 என்றால் கொக்கிக்குக் கொக்கி இன்னும் அதிகத் தூரம் விட வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் டர்ன்பக்கிளுக்கும் (திருகித் துணியை இறுக்கும் கருவி) வளையத்துக்கும் இடம் வேண்டும், துணியும் நாளாக ஆகக் கொஞ்சம் நீளும். இழுக்க இடமில்லாவிட்டால் தொய்வை எடுக்க முடியாது. ஓரங்கள் நேர்கோடாக இல்லாமல் உள்பக்கம் வளைவாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால்தான் ஓரம் விறைப்பாக நிற்கும்.

ஐ போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) தூணை முழுதாகத் துளைத்து மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்டதாக இருக்க வேண்டும். வெறும் திருகு கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். கடல் காற்று படும் இடம் என்றால் 316 வகை ஸ்டெயின்லெஸ். மேற்கு மூலைகள் இரண்டிலும் காரபினர் (கிளிப் போலத் திறந்து மூடும் வளையம்) போடுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் டர்ன்பக்கிளைத் தளர்த்தி உடனே கழற்றிவிடலாம். கயிறு எங்கே தேவைப்பட்டாலும் பாலியெஸ்டர் கயிறு. மலிவான பாலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நைலான் ஈரமானால் நீளும்.

சுவர் என்ன சுவர்? ஓட்டுக்கூரையின் ஓரப்பலகையில் அடிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், அது வெறும் அலங்காரம்.

வெயில்வாசி:
செங்கல் சுவர் அண்ணே, பூச்சு பூசியது. உள்ளே துளை உள்ள கல்லா, கெட்டிக் கல்லா என்று தெரியவில்லை.

மரத்தச்சன்:
மெல்லிய ட்ரில் பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள். செங்கல் பொடி தொடர்ந்து வந்து, பிட் ஒரே சீராக உள்ளே போனால் கெட்டிக் கல். திடீரென்று வழுக்கி உள்ளே விழுந்தால் துளைக்கல்.

கெட்டிக் கல் என்றால் விரியும் ஆங்கர் (துளைக்குள் விரிந்து சுவரைப் பிடிக்கும் போல்ட்) போடலாம். சாந்து இணைப்பில் போடாமல் கல்லின் நடுவில், சுவர் முனையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் போடுங்கள். ஓரத்தில் போட்டால் விரியும்போது கல்லே பிளந்துவிடும். துளைக்கல் என்றால் விரியும் ஆங்கர் தொடவே கூடாது. சல்லடை உறை நுழைத்து அதில் ரசாயனப் பசை நிரப்பும் ஆங்கர் வேண்டும், அல்லது சுவரை முழுதாகத் துளைத்து உள்பக்கம் இரும்புத் தட்டு வைத்து முடுக்க வேண்டும். பசை இறுகுவதற்கு டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முடிகிறவரை துணியை மாட்டாதீர்கள். துளைக்குள் இருக்கும் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிய பிறகுதான் பசை. தூசியோடு ஊற்றினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது.